மூன்றாம் கட்டத்தில் ஒரு டிக்

கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மேடையில் நீளமாக மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நாலு தண்ணீர் பாட்டில், ஒரு மைக், பின்னால் ஒரு பேனர். 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.'

வாசலில் கேசரியும் காபியும் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, கடைசி வரிசையிலிருந்து உட்கார ஆரம்பித்தார்கள். எந்தக் கூட்டமானாலும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். முன்வரிசை காலியாகக் கிடக்கும்.

அந்த முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன், கம்பெனிக்காரர்களோடு. கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. ரோஸ்லின், பயிற்சி ஆய்வாளர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையில் அந்த அட்டையை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன்.

திரையில் படம் ஓடியது. எங்கள் மேனேஜர் எழுந்து, அந்த ஊர்ப் பாறையில் வரப்போகும் கல்குவாரியின் வரைபடத்தைக் காட்டினார். தூசி எவ்வளவு பறக்கும், வெடிச்சத்தம் எவ்வளவு கேட்கும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் ஒரு வாக்கியம் வந்தது.

"சமூகப் பொருளாதார ஆய்வின்படி, இக்கிராமக் குடும்பங்களில் மிகப் பெரும்பான்மையோர் இத்திட்டத்துக்கு எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை."

அந்த ஆய்வைச் செய்தவள் நான்தான். வீடு வீடாகப் போனதும் நான், டிக் அடித்ததும் நான். என் தாள்களிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் எப்படி முளைத்தது என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை.

கொள்கைன்னா எந்தக் கட்சி?

இத்தனை வாரமாக எழுதுகிறேன், நான் என்ன படித்தேன் என்று இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. சொல்வது அவ்வளவு லேசில்லை.

பி.ஏ. சுற்றுச்சூழல் கொள்கை. சென்னையில் ஒரு கல்லூரியில் அப்போதுதான் அந்தப் படிப்பைத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் அப்பா டாடா ஏஸ் வண்டி வைத்திருந்தார். கீரமங்கலம் மார்க்கெட்டிலிருந்து பூ மூட்டை ஏற்றிப்போவது அவர் வேலை. மூட்டை தூக்குகிற ஆட்கள், "பாப்பா என்னண்ணே படிக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"கொள்கையா? எந்தக் கட்சிக் கொள்கை?"

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, இது கட்சிப் படிப்பு ஒண்ணும் இல்லையே? இருந்தா இப்பவே சொல்லிரு" என்றார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு இல்லை என்று சத்தியம் செய்தேன். சொந்தக்காரர்கள் அதைவிட மோசம். "மரம் நடுறதுக்கா மூணு வருசம் படிக்கணும்?" என்று கேட்ட அத்தையோடு ஒரு பொங்கல் முழுக்க நான் பேசவில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அப்போதும் சரி, இப்போதும் சரி.

உண்மையில் அந்த வகுப்புகளில் மரத்தைப் பற்றிப் பேசியது குறைவு. சட்டம் படித்தோம். நில ஆவணம் படித்தோம். ஒரு தொழிற்சாலையோ குவாரியோ வரவேண்டும் என்றால் என்னென்ன ஆய்வு செய்யவேண்டும், யாரைக் கேட்கவேண்டும், கேட்டதை எப்படிப் பதிவு செய்யவேண்டும் என்று படித்தோம். பாதி நாள் தூக்கம் வரும். ஆனாலும் மக்களைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று ஒரு படிப்பு சொல்கிறதே, அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பக்கம் யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம் எல்லாரும் ஓர் அலுவலகத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அது இல்லாமல் டிகிரி இல்லை. நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் எனக்கு இடம் கிடைத்தது. "புதுக்கோட்டைப் பொண்ணா? ரொம்ப நல்லது, அங்க ஒரு வேலை இருக்கு" என்றார் மேனேஜர். ஊர்ப்பேச்சு தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

போர்த் தண்ணியில் பருப்பு வேகாது

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. சித்தன்னவாசல் போகிற ரோட்டில் பிரிந்து உள்ளே போகவேண்டும் என்பது மட்டும் போதும்.

ஊருக்கு மேற்கே ஒரு பாறை. பெரிய உயரமெல்லாம் இல்லை, நீளமாகச் சரிந்து படுத்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சரிவில் வழிந்து நேராக ஊருணியில் இறங்கும். ஊருக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்த ஊருணிதான். தெருக்குழாயில் வருவது போர்த் தண்ணீர், உப்பு.

அதை எனக்குச் சொன்னவர் அடைக்கலம். ஐம்பது வயது தாண்டிய மனிதர். ஆடு வைத்திருந்தார். அந்த ஊரில் நான் இருந்த நாளெல்லாம் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான். கடைக்குப் போகிறேன் என்று எத்தனை சொல்லியும் விடவில்லை. நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் ஆத்தா.

"போர்த் தண்ணியில பருப்பு வேகாது ஆத்தா. நாள் பூரா அடுப்புல கெடந்தாலும் கல்லு மாதிரியே கெடக்கும். ஊருணித் தண்ணின்னா ரெண்டு கொதியில மசிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பாறையை உடைத்தால் சரிவு போகும். சரிவு போனால் ஊருணிக்குத் தண்ணீர் வராது. இதைப் புரிந்துகொள்ள டிகிரி தேவையில்லை. சித்தன்னவாசல் பாறையில் பழைய ஓவியம் இருக்கிறது, அதனால் அதற்கு வேலியும் காவலும் உண்டு. இந்தப் பாறையில் ஆடு ஏறி இறங்கிய தடத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. ஊர்க்காரர்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

கேட்டதை எழுது

கன்சல்டன்சி கொடுத்த படிவம் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் அச்சடித்தது. முதல் பக்கத்திலேயே 'இத்திட்டத்தின் பங்குதாரர்களாகிய தங்களிடம்' என்று இருந்தது. நான் அதை வாசித்ததும் ஒரு வீட்டில், "நாங்க எப்பம்மா அவங்களோட கூட்டுச் சேந்தோம்? கையெழுத்துக்கூடப் போடலையே" என்று பதறிவிட்டார்கள். அடுத்த வீட்டிலிருந்து அந்த வரியை வாசிப்பதை விட்டுவிட்டேன்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். 'இத்திட்டம் குறித்துத் தங்கள் நிலைப்பாடு என்ன?' அதன் கீழே ஐந்து கட்டம். முதல் இரண்டும் எதிர்ப்பு, கடைசி இரண்டும் ஆதரவு. நடுவில் மூன்றாவது, நடுநிலை.

"பாறையில குவாரி வரப்போகுதாம் பெரியப்பா. நீங்க என்ன சொல்றீங்க?"

அடைக்கலம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கொத்தை எடுத்து உதறிப் போட்டார். "பாப்போம் ஆத்தா" என்றார்.

அடுத்த வீட்டிலும் பாப்போம். அதற்கடுத்த வீட்டில், "பாப்போம், என்ன செய்யுறாங்கன்னு." தெரு முழுக்க ஏறக்குறைய அதே பதில்.

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் டூர் போகக் காசு கேட்டு, அப்பா பாப்போம் என்று சொல்லிவிட்டால் துணி எடுத்து வைக்க வேண்டாம் என்பது ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்தவள் நான். எங்கள் பக்கம் வீடு தேடி வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே வேணாம் என்று சொல்லமாட்டார்கள். பாப்போம் என்பார்கள். கேட்டவருக்குப் புரிந்துவிடும், எழுந்து போய்விடுவார். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

தெரிந்தும் மூன்றாம் கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஏன் என்றால், முதல் வருடம் விமலா மேடம் எங்களுக்குக் கள ஆய்வு வகுப்பு எடுத்தார். ஒரு மீன் மார்க்கெட்டில் நான் எடுத்த பேட்டியில், அவர்கள் சொல்லாததையும் ஊகித்து எழுதியிருந்தேன். மேடம் சிவப்பு மையில் சுழித்து, 'கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே' என்று போட்டிருந்தார். வகுப்பு முழுக்கப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து அந்த விதியை நான் மீறியதே இல்லை. பாப்போம் என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாதவர் நடுநிலை. நடுநிலை மூன்றாம் கட்டம். எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

மேடத்தைக் குறை சொல்லவில்லை. அது நல்ல விதிதான். ஊமையாய் நின்றது நான்தான். தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் என் படிவங்களைப் புரட்டிவிட்டு, "ஒரு அடித்தல் திருத்தல் இல்ல, சூப்பர்" என்றபோது சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அறிக்கையில் மூன்று, நான்கு, ஐந்து ஆகிய கட்டங்களை ஒன்றாகக் கூட்டி 'எதிர்ப்பு தெரிவிக்காதவர்கள்' என்று போட்டுவிட்டார்கள். கணக்குப்படி தப்பில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அந்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கூட்டத்துக்கு முன்பே பல நாள் பஞ்சாயத்து ஆபீசில் கிடந்தது. ஊரில் யாரும் படிக்கவில்லை. கொள்கை படித்த நானும் படிக்கவில்லை.

நீங்க பாத்துச் செய்யுங்க

மண்டபத்தில் மேனேஜர் பேசி முடித்து உட்கார்ந்தார். தலைமை தாங்கிய அதிகாரி நிதானமான மனிதர். "இப்ப நீங்க பேசலாம். பயப்படாம சொல்லுங்க. நீங்க சொல்றது அப்படியே பதிவாகும்" என்றார்.

ஒருவர் எழுந்து பஸ் கேட்டார். இன்னொருவர் சுடுகாட்டுக்கு ரோடு கேட்டார். பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவர் விழுந்து கிடப்பதை ஒரு பெண் சொன்னார். பாறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு அடைக்கலம் எழுந்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஐயா, வணக்கங்க. பாறைக்குக் கீழ ஊருணி இருக்குங்க. அந்தத் தண்ணிதான் எங்களுக்கு. ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்க பாத்துச் செய்யுங்க." கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பின்னால் கை தட்டினார்கள்.

அவரைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊருக்கும் அது போதுமானதாக இருந்தது. எனக்கோ அந்த மேசையோரத்தில் பதிவு எழுதிக்கொண்டிருந்தவரின் பேனாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

கூட்டம் முடிவதற்குமுன் பதிவானதைச் சபையில் வாசித்துக் காட்டவேண்டும், அது விதி. வாசித்தார். பஸ் வசதி கோரினர். சாலை வசதி கோரினர். "ஊருணி குறித்துத் தெரிவித்து, அதிகாரிகள் உரிய முடிவு எடுக்குமாறு கேட்டுக்கொண்டனர். திட்டத்துக்கு எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை."

"இதுல யாருக்காவது மாற்றம் சொல்லணுமா?" என்று அதிகாரி கேட்டார். பின்வரிசையில் சிலர் கிளம்பத் தயாரானார்கள். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

ஒரே ஒரு வார்த்தை

நான் எழுந்தேன். தைரியம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். இப்போது எழுந்திருக்காவிட்டால் இனி பெரியப்பா வீட்டுச் சோற்றை நினைத்தாலே வயிறு எரியும் என்ற பயம்தான்.

"உக்காருங்க ரோஸ்லின்" என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "சர்டிபிகேட் வேணும்ல?"

வேண்டும்தான். அது இல்லாமல் அந்த வருடம் டிகிரி இல்லை. அப்பா ஏற்கெனவே மூட்டை தூக்குகிற ஆட்களுக்கெல்லாம் பிரியாணி போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அதிகாரி என் கழுத்து அட்டையைப் பார்த்தார். "நீங்க கம்பெனி ஆளா, ஊர் ஆளா?"

"ரெண்டும் இல்ல சார். இந்த சர்வே எடுத்தவ. நான் டிக் அடிச்சது தப்பு சார். குவாரி வருது, என்ன சொல்றீங்கன்னு கேட்டதுக்கு இவங்க எல்லாரும் பாப்போம்னாங்க. நான் நடுநிலைன்னு போட்டுட்டேன். பாப்போம்னா எங்க பக்கம் வேணாம்னு அர்த்தம் சார். முகத்துக்கு நேர வேணாம்னு சொல்றது மரியாதை இல்லன்னு அப்படிச் சொல்றது. இப்ப பெரியப்பா சொன்னதும் அதுதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியும்மா, நானும் தமிழன்தான்" என்றார். "ஆனா எனக்குத் தெரிஞ்சதை நான் எழுத முடியாது. அவங்க சொன்னதைத்தான் எழுத முடியும். வேணாம்னு ஒருத்தர் சொல்லட்டும். அந்த வார்த்தையை அப்படியே எழுதுறேன்."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவசரப்படுத்தவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேசரி வாங்கிச் சாப்பிட்ட இடத்தில், மேடையில் இருக்கிற பெரிய மனிதரைப் பார்த்து வேணாம் என்று எப்படிச் சொல்வது? எனக்குப் புரிந்தது.

அடைக்கலம் மறுபடி எழுந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஏதோ கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. என்னவென்று புரியாமலே தலையை ஆட்டினேன்.

"வேணாங்க" என்றார். காற்றுத்தான் வந்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"பாறையை உடைக்க வேணாங்க. எங்களுக்கு அந்தத் தண்ணி வேணும். மன்னிச்சுக்கங்க."

மூன்றாவது வரிசையில் காம்பவுண்டு சுவர் கேட்ட பெண் எழுந்தார். "எங்களுக்கும் வேணாங்க." பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அதற்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். "மெதுவா, மெதுவா, பேரைச் சொல்லிட்டுச் சொல்லுங்க" என்று எழுதுகிறவர் திணறினார். தாள் போதாமல் இன்னொரு தாள் எடுத்தார். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் தன் பேரைச் சொல்லி, மாமியார் பேரையும் சொல்லி, ரெண்டு பேருக்கும் வேணாம் என்றாள்.

நான் நின்றபடியே அழுதுகொண்டிருந்தேன். மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில்

வாசலில் மேனேஜர் கையை நீட்டினார், அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "நாளைலேருந்து வரவேணாம்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

ரோட்டுக்கு வந்தேன். வெயில். அடைக்கலம் பஸ் ஸ்டாப்பில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை. ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும். இப்ப நாங்க வேணாம்னு சொன்னோமே, அதுனால ஒனக்கு மார்க்கு போயிருமா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன மார்க் பெரியப்பா?"

"நீதான சொன்ன? காலேஜுல குடுத்த பேப்பரு, இதுக்கு மார்க்கு உண்டு, கொஞ்சம் நல்லவிதமா பதில் சொல்லுங்கன்னு. ஒவ்வொரு வீட்டுலயும் அதத்தான சொன்ன?"

சொன்னேன். கதவைச் சாத்திவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு வாசலிலும் நான் சொன்ன முதல் பேச்சே அதுதான். இரக்கப்பட்டு உட்காரச் சொல்வார்கள் என்று நானே கண்டுபிடித்த தந்திரம்.

"நீ வந்த மொத நாளு சாயங்காலமே தெருவுல எல்லாரும் பேசிக்கிட்டோம். புள்ள வெயில்ல அலையுது. நாம வேணாம்னு சொல்லி, அவுக வாத்தியாரு பேப்பர்ல தப்புப் போட்டுட்டா பாவம். குவாரிக்காரன் வரும்போது அவன்கிட்ட வேணாம்னு சொல்லிக்கலாம், புள்ளகிட்ட பாப்போம்னு சொல்லுவோம்னு. இன்னைக்கும் நீ முன்னாடி ஒக்காந்திருந்தியா, அதான் நான் பட்டும் படாம சொன்னேன்."

நான் அத்தனை பேர் முன்னால் எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி விளக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர்கள் மரியாதைக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ வீட்டுப் பெண் பாஸாக வேண்டும் என்று ஒரு ஊரே தன் குடிதண்ணீரைப் பணயம் வைத்திருக்கிறது. அதை நான் டிக் அடித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"சொல்லு ஆத்தா. போயிருமா?"

"போகாது பெரியப்பா. மார்க்கெல்லாம் ஒண்ணும் போகாது."

"அப்பச் சரி" என்றார். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. பஸ் வரும்வரை நின்று, கைகாட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் "புள்ளைய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி ஏற்றிவிட்டார்.

குவாரிக்கு அனுமதி வரவில்லை. மறுபடி ஆய்வு செய்யவேண்டும் என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு வருடம் இன்னொரு பெயரில் அது வரலாம், எனக்குத் தெரியும். இன்றுவரை பாறை இருக்கிறது, ஊருணியில் தண்ணீர் இருக்கிறது.

சான்றிதழ் வரவில்லை. விமலா மேடம் எனக்காகக் கல்லூரியில் எவ்வளவோ பேசிப் பார்த்தார், விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு படித்தவர்கள் கவுன் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டபோது நான் வேறொரு அலுவலகத்தில் மறுபடி பயிற்சியில் இருந்தேன். ஒரு வருடம் தள்ளித்தான் டிகிரி கிடைத்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, பிரியாணியை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டார்.

அடைக்கலம் பெரியப்பா பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். அந்த வருடம் எனக்கு டிகிரி கிடைக்காமல் போனது அவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் யாரும் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.